நார்த்தூள் கட்டி செய்யப் போகிறேன் என்கிறாள் மகள்

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ பயாலஜி முடித்த மகள், தேங்காய் நார்த்தூளையும் உமியையும் பிசைந்து நாற்று விடும் கட்டி செய்யப் போகிறாளாம், பி.காம் சேர்த்துவிட்டால் உங்களுக்கு நிம்மதி. 'குப்பை வியாபாரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கயிற்று ஆலைகளுக்குப் பக்கத்தில் யாரும் சீண்டாமல் குவிந்து கிடந்த அந்தத் தூள்தான் இன்று அழுத்திக் கட்டியாக்கப்பட்டு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பலேறுகிறது.

ஆனால் பிசைவது யாருக்கும் வரும். சம்பளம் கிடைப்பது அளந்து பார்ப்பவருக்கு. நார்த்தூளில் உப்பு உண்டு. சரியாகக் கழுவாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகிவிடும். செங்குன்றம் ரைஸ் மில்களில் உமிக்குப் பஞ்சமில்லை, ஆனால் பச்சை உமி தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதைக் கரியாக்கினால் காரத்தன்மை ஏறிவிடும். பசைதான் பெரிய தலைவலி. மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினால் கட்டி அழகாக நிற்கும், சில நாளிலேயே பூஞ்சணம் பூக்கும். கஞ்சி கூடினால் காற்று புகாமல் வேர் அழுகும். குறைந்தால் தண்ணீர் ஊற்றியதும் பொலபொலவென்று உதிரும். இதற்காகவே ரப்பர் பால், கொத்தவரைப் பிசின், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்று தேடுகிறார்கள். சிப்பிக்காளானின் இழைகளையே பின்ன விட்டு வைக்கோலைக் கட்டியாக்குவதும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் சுத்தமான அறை வேண்டும்.

ஆகவே அவளுக்கு வேண்டியது தாவரவியலும் கொஞ்சம் வேதியியலும். முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைக்கு விண்ணப்பியுங்கள். கட்ஆஃப் எட்டாவிட்டால் பக்கத்திலேயே வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, தாவரவியல் போதும். நன்கொடை கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். டிகிரிக்குப் பிறகு ஆலப்புழை களவூரில் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம், பெங்களூருவில் கயிறு தொழில்நுட்ப நிறுவனம் இரண்டிலும் பயிற்சிக்கு விசாரிக்கலாம். கணக்கு எழுத ஆள் கிடைப்பார்கள், பி.காம் காத்திருக்கட்டும்.

நகையை அடகு வைத்து மெஷின் மட்டும் வாங்காதீர்கள். இந்த லீவில் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு இசி மீட்டர், ஒரு குழித்தட்டு, தக்காளி விதை, ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தூளை ஒருமுறை மெட்ரோ வாட்டரில், ஒருமுறை போர் தண்ணீரில் கழுவி, இரண்டையும் அளந்து எழுதட்டும். உங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு என்றால், எத்தனை முறை கழுவினாலும் அளவு இறங்காது. ஏன் இறங்கவில்லை என்று அவளாகவே தேடி வந்து கேட்டால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.