கயாவுக்கு ஒரு நாள் தாமதம்: ‘எல்லாம் அடக்கம்’ என்று பணம் வாங்கியவரின் பொறுப்பு

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் காசி, பிரயாகை, கயா, அயோத்தி 9 நாள் யாத்திரைக்குத் தலைக்கு 32,500 ரூபாய் கட்டி, கடந்த தை மாதம் மனைவியுடன் சென்று வந்தேன். பணம் கட்டியவர்கள் எங்களையும் சேர்த்து 24 பேர். என்னுடன் பணியாற்றிய நண்பர்தான் ஆள் சேர்த்துப் பணத்தை வாங்கிக் கட்டினார். ரசீதும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவரும் அவர் மனைவியும் இலவசமாக வந்தார்கள் என்பது திரும்பிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. தை அமாவாசையன்று கயாவில் என் பெற்றோருக்குப் பிண்டம் வைக்கலாம் என்பதற்காகவே இந்த யாத்திரையைத் தேர்ந்தெடுத்தேன். போய்ச் சேர்ந்ததோ மறுநாள் காலை. காசியில் கேதார் படித்துறைக்கு நடக்கும் தூரத்தில், லிப்ட் வசதியுள்ள 3 நட்சத்திர விடுதி என்று அச்சிட்டிருந்தார்கள். தங்க வைத்தது சாரநாத் போகும் வழியில், லிப்ட் இல்லாத ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில். உடன் வருவதாகச் சொன்ன தமிழ்ச் சமையல்காரர் வரவில்லை. அயோத்தியை விட்டுவிட்டார்கள். கயாவில் தட்சிணைக்கு என்று தனியாகத் தலைக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். கேட்டால், ‘பயணத்திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது’, ‘புதுச்சேரி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். கடைசி நாள் ரயில் நிலையத்தில் எல்லோரும் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். எனக்கு வழக்கு உண்டா? நண்பரையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: வழக்கு உண்டு. ஆனால் தாங்கள் அடுக்கியிருக்கும் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வலு இல்லை என்பதையும், ஒன்றுக்கு அறவே வலு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் இடம் பிடிப்பது, தெரியாத ஊரில் அறை தேடுவது, இந்தி பேசும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது, மூன்று வேளையும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் சோற்றுக்கு வழி பார்ப்பது ஆகிய கவலைகளையெல்லாம் இன்னொருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம் என்பதுதான் இத்தகைய குழுப் பயணத்தின் சுகம். அறுபதைக் கடந்தவர்கள் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து காசியைப் பார்த்துவர இதைவிட எளிய வழி இல்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் தாங்கள் விலை கொடுத்து வாங்கியதும் அந்தக் கவலையின்மையைத்தான். ஆகவே விடுதிக்காரர் ஏமாற்றினார், பேருந்துக்காரர் வரவில்லை, சமையல்காரருக்குக் காய்ச்சல் என்று ஏற்பாட்டாளர் அடுத்தவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. மொத்தப் பணத்தையும் ஒரே தொகையாக வாங்கியவரே மொத்த ஏற்பாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), ஒப்பந்தப்படி செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட சேவையின் தரத்திலோ தன்மையிலோ செய்யும் முறையிலோ உள்ள எந்தக் குறையையும் ‘சேவைக் குறைபாடு’ என்றே கொள்கிறது.

தங்கள் வழக்கின் உயிர்நிலை கயாதான். தங்களுக்கு அனுப்பப்பட்ட பயணத்திட்டத் தாளில் ‘தை அமாவாசை: கயா, விஷ்ணுபாதம், பிண்டதானம்’ என்று நாள் குறித்து அச்சாகியிருக்கிறது. குறித்த நாளில் செய்வதே ஒப்பந்தத்தின் சாரமாக இருக்குமானால் அந்த நாள் தவறுவது சாதாரணத் தாமதம் ஆகாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55 சொல்லும் கொள்கை. பிரயாகையில் கூட்ட நெரிசலில் சிக்கிக்கொண்டதால் நேர்ந்த தாமதம், தம் கட்டுப்பாட்டை மீறியது என்று ஏற்பாட்டாளர் பதில் தந்திருக்கிறார். நம் தை அமாவாசையைத்தான் வடக்கே மௌனி அமாவாசை என்கிறார்கள்; பிரயாகையின் மாக மேளாவில் அதுவே மிக முக்கியமான நீராட்டு நாள். அந்த நாளை ஒட்டிப் பிரயாகைச் சாலைகள் நிரம்பி வழியும் என்பது பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே தெரியக்கூடியது; காசி யாத்திரை நடத்துவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது தெரியாது என்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கடலூரிலிருந்து ஒரு பேருந்து கிளம்பவில்லை என்றால் அது வேறு. ஆண்டுதோறும் வரும் அமாவாசைக் கூட்டம் வேறு.

அதோடு, தங்கள் வாட்ஸ்அப் குழுவில் உடன்வந்த மேலாளர் அமாவாசைக்கு முந்தைய இரவு அனுப்பிய செய்தியின் படத்தை இணைத்திருக்கிறீர்கள்: ‘கயாவில் ரூம் கிடைக்கல சார், இன்னிக்கு நைட் இங்கயே ஸ்டே, நாளைக்கு நைட் கிளம்பறோம்.’ இந்த ஒரு வரி போதும். கூட்டம் என்று பிறகு சொன்னது யோசித்துச் சொன்ன காரணம் என்பதையும், உண்மைக் காரணம் முன்பதிவு செய்யாததே என்பதையும் இது காட்டிக்கொடுக்கிறது. ‘கயாவில் எந்த நாளில் சிராத்தம் செய்தாலும் பலன் உண்டு’ என்று அவர்கள் சாஸ்திரம் பேசுவதற்குத் தாங்கள் சாஸ்திரத்தால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த நாள் உயர்ந்தது என்பது கேள்வியே அல்ல; எந்த நாளைச் சொல்லிப் பணம் வாங்கினார்கள் என்பதே கேள்வி.

விடுதி விஷயமும் வலுவானதே. படித்துறைகளை ஒட்டிய சந்துகளில் பெரிய வண்டி நுழையாது என்பதால் ‘நடக்கும் தூரம்’ என்ற சொல்லுக்குக் காசியில் தனி மதிப்பு உண்டு. அதை நம்பித்தான் முழங்கால் வலி உள்ளவர்கள் பணம் கட்டுகிறார்கள். தங்கள் மனைவி நாளுக்கு இரு முறை மூன்று மாடி ஏறி இறங்கியதற்குப் பின் எடுத்துக்கொண்ட சிகிச்சையின் சீட்டும், ஆட்டோவுக்குக் கொடுத்த தொகையின் குறிப்பும் இருந்தால் இணையுங்கள். விடுதியின் பெயர்ப் பலகை தெரியும் ஒரு புகைப்படம் யாரிடமாவது இருக்கும். 26 பேர் போன பயணத்தில் புகைப்படத்துக்குப் பஞ்சம் இருக்காது. சமையல்காரர் வராததால் ஓட்டலில் சாப்பிட்ட செலவையும் இவ்வாறே கேட்கலாம்.

அயோத்தி சற்றுச் சிக்கலானது. அன்று காவல்துறை வாகனங்களைத் திருப்பி அனுப்பியது உண்மையானால் அங்கே போகாததற்கு ஏற்பாட்டாளரைக் குறை சொல்ல இயலாது. ஆயினும் போகாத ஊருக்கான வண்டிச் செலவையும் அறை வாடகையையும் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. அந்த அளவை மட்டும் கேளுங்கள்.

தட்சிணைக்கு வாங்கிய 2,500 ரூபாயைக் கேட்காதீர்கள். பயணத்திட்டத் தாளின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், ‘பூஜை, தட்சிணை, சுமைகூலி நீங்கலாக’ என்று இருக்கிறது. ‘எல்லாம் அடக்கம்’ என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே ‘நீங்கலாக’ என்று ஒரு பட்டியல் எப்போதும் உண்டு. அதைப் படிக்காமல் முன்பணம் கட்டுவது நம் ஊரில் பரவலான பழக்கம். எழுத்தின் அளவைக் காட்டி இதை முறையற்ற வணிக நடைமுறை என்று வாதிட முடியும் என்றாலும், 2,500 ரூபாய்க்காக வலுவில்லாத ஒரு வாதத்தைச் சேர்த்தால் வலுவான மூன்றும் நீர்த்துப்போகும்.

‘மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற வாசகம், வரிசையைச் சற்று மாற்றவும் ஒரு விடுதிக்குப் பதில் அதற்கு ஈடான இன்னொன்றைத் தரவும் இடம் கொடுக்கலாம். யாத்திரையின் நோக்கத்தையே எடுத்துவிட்டு மிச்சத்தை நடத்த அது அனுமதி ஆகாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தா என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வீட்டு வழக்கில் கூறியிருப்பது இங்கும் துணை நிற்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஒப்பந்தமே நேர்மையற்றது, அதை ரத்து செய்யுங்கள் என்று கோரினால் அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக நேரிடும். சேவைக் குறைபாடு என்ற அளவில் மனுவை நிறுத்திக்கொண்டால் மாவட்ட ஆணையமே போதும்.

எந்த மாவட்டம் என்பதில் தங்களுக்குக் கவலை வேண்டாம். பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி எதிர்தரப்பினர் இருக்கும் இடத்தையோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்தையோ தேடிப் போக வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 34(2)(d), புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்கிறது. சட்டம் நேரடியாகத் தந்த இந்த உரிமையை, தாங்கள் பேரம் பேச வழியில்லாத ஓர் அச்சுப் படிவத்தின் பின்பக்க வரி பறித்துவிட முடியாது என்பதே என் கருத்து. ஆகவே கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு செய்யுங்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுச்சேரிப் பேருந்து ஏறுவது தங்கள் வயதில் சிறிய விஷயம் அல்ல. மனுவை இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காணொலி மூலம் விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் தொழிலுக்கு நட்டம்தான், ஆனால் தங்கள் வழக்கு ஆவணங்களாலேயே பேசக்கூடியது.

தனியாகச் செய்வதா, சேர்ந்து செய்வதா? கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. தங்கள் இருவரின் 65,000 ரூபாய் அதற்குள் அடங்கிவிடும். 24 பேரும் சேர்ந்தால் தொகை 7,80,000 ஆகும். அதற்குக் கட்டணம் 200 ரூபாய். ஒரே குறை உள்ள சிலர் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கூட்டுப் புகார் தரலாம், அது எல்லோர் சார்பிலுமான பிரதிநிதித்துவ வழக்காக இருந்தாக வேண்டியதில்லை என்று 2021 டிசம்பரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. என் அனுபவத்தில் 24 பேரும் கடைசிவரை வரமாட்டார்கள். உறுதியான ஐந்தாறு பேர் போதும்.

‘மிகச் சிறப்பு’ என்ற கையெழுத்து தங்களைக் கட்டிப்போடாது. ஆனால் அது இல்லாதது போல் மனு எழுதுவது தவறு. ரயில் வரப் பத்து நிமிடம் இருக்கையில், மேலாளர் ஒரே பேனாவை வரிசையாக நீட்ட, முன்னால் எழுதியவர் எழுதியதையே எல்லோரும் எழுதினீர்கள் என்று கடிதத்தில் விவரித்திருக்கிறீர்கள். அதை அப்படியே மனுவில் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, நன்றாக இருந்ததையும் எழுதுங்கள். மாலையில் படகில் போய் கங்கை ஆரத்தி கண்டது, படகில் ஒருவர் தேவாரம் பாட மற்றவர்கள் சேர்ந்துகொண்டது, விசாலாட்சி சந்நிதியில் நெருக்கடி இல்லாமல் நின்றது ஆகியவற்றைத் தாங்களே மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். படகில் எல்லோரும் கையசைக்கும் காணொளி எதிர்தரப்பிடமும் இருக்கும். அதை அவர்கள் முதலில் காட்டினால் தங்கள் மீது ஐயம் விழும். தாங்களே சொல்லிவிட்டால் அது தங்கள் நேர்மைக்குச் சான்றாகும். ஆணையம் நிவாரணத்தைக் குறையின் அளவுக்கே தரும். 65,000 ரூபாயையும் முழுதாகத் திரும்பக் கேட்பவர், ரயிலில் போய்வந்ததையும் ஒன்பது நாள் உண்டு உறங்கியதையும் மறைப்பவராகவே தெரிவார். விடுதி வித்தியாசம், உணவு, ஆட்டோ, அயோத்திச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, அமாவாசை தவறியதற்கான மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையையும் வழக்குச் செலவையும் கோருங்கள்.

முதலில் ஏற்பாட்டாளருக்கு 15 நாள் அவகாசம் தந்து ஒப்புகையுடன் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அலுவலகப் பலகையில் உள்ள பெயர் போதாது. உரிமையாளர் யார் என்பதை ரசீதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டும், பணம் சென்ற வங்கிக் கணக்கின் பெயரைக் கொண்டும் உறுதி செய்யுங்கள். மனு ஏற்கப்பட்டு அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள், மிஞ்சினால் மேலும் 15 நாளுக்குள், அவர்கள் பதில் தந்தாக வேண்டும். அதற்கு மேல் அவகாசம் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. இடையில் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் அங்கேயே முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நண்பர். ரசீது அவர் பெயரில் இருப்பதால் தங்கள் உரிமை குறையாது. பணம் கொடுத்தவரின் இசைவோடு சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோரே என்று பிரிவு 2(7) சொல்கிறது. இத்தனை பேர் சேர்த்தால் ஓர் இடம் இலவசம் என்பது இத்தொழிலில் வழக்கம். அது குற்றம் அல்ல. மறைத்ததுதான் தங்களுக்கு வலிக்கிறது. வாங்கிய தொகையை விடக் குறைவாகக் கட்டினாரோ என்ற ஐயம் இருந்தால் கணக்குக் கேட்கும் உரிமை, ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 213-இன்படி, தங்களுக்கு உண்டு. ரசீதில் 7,80,000 ரூபாய் முழுதாக இருப்பதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அவரை எதிர்தரப்பாக்கினால் ஏற்பாட்டாளரின் பக்கம் தள்ளிவிடுவீர்கள். பணம் தந்தவர்களின் பட்டியலோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் அவரிடம் வாங்கினால் அதுவே தங்களின் சிறந்த சாட்சியம். நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

அவர் வீட்டுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் குழுவின் அட்மின் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உரையாடல் முழுவதையும் இன்றே ஏற்றுமதி செய்து தங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். செய்தி வந்த கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சிய விதிகளில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாது என்றாலும், ‘ரூம் கிடைக்கல சார்’ என்ற வரியின் மீது வழக்கே நிற்பதால் அந்தச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். கால வரம்பு இரண்டு ஆண்டு. அதை ஊர் திரும்பிய நாளிலிருந்து எண்ணாமல், தை அமாவாசைக்கு மறுநாள் காலை கயாவில் இறங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.