பெங்களூரு பக்கத்தில் டென்ட் போட்டுத் தங்கி, கணவன் மனைவி இருவரும் தடை ஓட்டம் ஓட முடியுமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக முடியும். தடை ஓட்டம் என்றால் வழியில் சுவர் ஏறி, கயிறு ஏறி, முள்கம்பிக்குக் கீழே சேற்றில் தவழ்ந்து ஓடும் போட்டி. முதல் நாள் இரவு போட்டித் திடலுக்குப் பக்கத்தில் டென்ட், காலையில் 5 கி.மீ. ஓட்டம், மனைவிக்கு இதுதான் முதல் தடவை, இருவரும் சேர்ந்தே முடிக்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய சிலர் "மனைவியை முடிவுக் கோட்டில் போட்டோ எடுக்க நிறுத்துங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு நான்கு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

இந்த ஓட்டத்தில் முதலில் சோர்ந்துபோவது கைதான். 5 கி.மீ. தூரத்தை நடந்தாவது கடந்துவிடலாம். மங்கி பாரிலும் (தொங்கியபடியே கை மாற்றி மாற்றிக் கடக்கும் கம்பி வரிசை) கயிற்றிலும் முன்கை விறைத்துப் பிடி நழுவினால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எட்டு வாரம் முன்பே தொங்கப் பழகுங்கள். கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்கினால் போதும். இருவராலும் 45 விநாடி விடாமல் தொங்க முடிகிறதென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சுமை தூக்கிப் பழக வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனே போதும், நிரம்பியிருந்தால் 20 கிலோ. முதல் இரண்டு வாரம் பாதித் தண்ணீரோடு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்தால் மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

கம்பி என்றதும் ஒரு ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் பல பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். சுற்றுவதற்கும் ஆட்டுவதற்கும் விதவிதமாக இருக்கும், தொங்க ஒரு நல்ல கம்பி இருக்காது. அடுக்ககத்தில் குழந்தைகள் ஏறும் கம்பியில் பெரியவர்கள் தொங்கினால் காவலாளி வந்துவிடுவார். ஏழடி உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் நட எவ்வளவு செலவாகிவிடும்? வரி கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

பதிவு செய்யும்போது இருவரும் ஒரே வேவ் (ஒரே நேரத்தில் கிளம்பும் குழு) எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஓப்பன் பிரிவில். போட்டிப் பிரிவுகளில் அடுத்தவர் உதவி பொதுவாக அனுமதி இல்லை. ஓப்பனில் தாராளமாகத் தூக்கிவிடலாம். தடையைத் தாண்ட முடியாவிட்டால் என்ன தண்டனை என்பதையும் படித்துவையுங்கள். பல போட்டிகளில் பர்பி (குந்தி, தரையில் படுத்து, எழுந்து எம்பிக் குதிக்கும் பயிற்சி) போடச் சொல்வார்கள். 30 பர்பி என்பது சின்ன விஷயமில்லை, அடுத்த தடைக்கு வேண்டிய மூச்சை அது தின்றுவிடும்.

இப்போது சுவர். ஜோடியாக ஓடுகிறவர்களுக்குத் தோள் போவது இங்கேதான். பலசாலி முதலில் ஏறி மேலே உட்கார்ந்து, கீழே இருப்பவரின் கையைப் பிடித்து இழுப்பார். தொங்குகிறவரின் முழு எடையும் இரண்டு பேரின் தோள்மூட்டிலும் விழும், சேறு பட்ட கை வேறு வழுக்கும். அதனால் கீழிருந்து ஏற்றுங்கள். கனமானவர் சுவரில் முதுகை ஒட்டி அரைவாசி குந்தி நிற்க, லேசானவர் தொடையில் ஒரு கால், தோளில் மறு கால் வைத்து மேலே போகட்டும். விரல்களைக் கோத்துப் படி போல நீட்டாதீர்கள், ஷூ அழுத்தினால் விரல் முறுக்கிக்கொள்ளும். ஏறியவர் சுவரின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளட்டும். கீழே இருப்பவர் ஐந்தாறு அடி ஓடிவந்து, இடுப்பு உயரத்தில் சுவரை ஒரு உதை உதைத்து எம்பி விளிம்பைப் பிடிக்க வேண்டும். அவருடைய முழங்கை மேலே வந்த பிறகு, மேலே இருப்பவர் அவருடைய முட்டிக்குப் பின்னால் பிடித்துக் காலை இழுத்துவிடலாம். கையை இழுக்க வேண்டாம். இறங்கும்போது விளிம்பில் முழுதாகத் தொங்கிய பிறகு பிடியை விடுங்கள். உச்சியிலிருந்து குதித்தால் கணுக்கால் பிசகும்.

கயிறு ஏறக் கைவலு இல்லையே என்று பெண்கள் பலர் முயலாமலே விட்டுவிடுகிறார்கள். ஏற்றுவது கால்தான். கயிறு வலது காலின் வெளிப்புறமாக இறங்கி வலது பாதத்தின் அடியில் போகட்டும். இடது பாதத்தால் அதை அள்ளி வலது பாதத்தின் மேல் கொண்டுவந்து அழுத்தி மிதியுங்கள். கயிறு பூட்டிக்கொள்ளும். அப்படியே எழுந்து நில்லுங்கள், கையை மேலே மாற்றுங்கள், முட்டியை மடக்கி மறுபடி பூட்டுங்கள். இறங்கும்போது சறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கையுறை வேண்டாம் என்பேன், நனைந்தால் கம்பியில் வழுக்கும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு.

நகை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் கழற்றியாக வேண்டும். மோதிரம் கம்பியில் மாட்டினால் விரலின் தோல் அப்படியே உரிந்து வந்துவிடலாம், மிகைப்படுத்தவில்லை. மெட்டி ஈரமான ஷூவுக்குள் பக்கத்து விரலை அறுக்கும். தாலிச் சங்கிலியோடு முள்கம்பிக்குக் கீழே தவழ்வது ஆபத்து, மஞ்சள் கயிறும் அப்படியே, இழுத்தால் அறுந்து விடுவிக்காது. கழற்ற மனமில்லாதவர்கள் திருமாங்கல்யத்தை மட்டும் சின்னத் துணிப்பையில் போட்டு உள்ளாடையின் உட்புறம் தைத்துக்கொள்ளலாம். மரபை அவமதிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கழுத்து முக்கியம். மாதவிடாய் நாளாக அமைந்துவிட்டால் நாப்கின் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போகும். மென்ஸ்ட்ருவல் கப் நல்லது, ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவை முயலக் கூடாது.

உடை எதுவானாலும் பருத்தி வேண்டாம். தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். சாக்ஸும் அப்படியே. அடியில் பற்கள் உள்ள டிரெயில் ஷூ, ஏற்கெனவே பழகியது. புது ஷூ வேண்டாம். தலைமுடியைத் தாழ்வாகக் கொண்டை போடுங்கள், உயரப் போட்ட குதிரைவால் முள்கம்பியில் மாட்டும்.

ஐஸ் தண்ணீர்த் தடை இருந்தால் இறங்கும்போதே மூச்சை வெளியே விடுங்கள். குளிர் பட்டதும் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அந்த நேரத்தில் தலை முங்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற குளங்களிலும் வாயை மூடிக்கொள்ளுங்கள். 2012-ல் அமெரிக்காவின் நெவாடாவில் மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த தடை ஓட்டத்துக்குப் பிறகு சிலருக்குக் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்தது. சேற்று நீரை விழுங்கியவர்களோடு அது தொடர்புபட்டிருந்தது. நம் ஊரில் எலிக்காய்ச்சலும் உண்டு. கீறலைச் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டதென்று முன்பே பாருங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள், அதை அவராக யூகிக்க முடியாது. "டாக்டரா நீங்கள்?" என்று யாரும் கிளம்ப வேண்டாம், மருந்துப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை.

இனி டென்ட். காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் கூடாரம் போடாதீர்கள். கனகபுரா, பன்னேர்கட்டா பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். கழிப்பறையும் தண்ணீரும் உள்ள பண்ணை முகாம், திடலிலிருந்து அரைமணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவு எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவீர்கள்? இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆனாலும் நள்ளிரவு வரை அலறவிடும் முகாம்கள் உண்டு. தூங்காமல் ஓடினால் பிடியும் போகும், பொறுமையும் போகும். காதில் வைக்க இயர் பிளக் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டும் முன் போய்ச் சேருங்கள். இரண்டு பேருக்கு மூன்று பேர் டென்ட் வாங்குங்கள், பையும் உள்ளே வர வேண்டுமே. அடியில் விரிக்கும் ஷீட் டென்ட் தரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை நிச்சயம். கல் கலந்த தரையில் டென்டோடு வரும் அலுமினிய முளைகள் வளையும், எஃகு முளை தனியாக வாங்குங்கள். முளையின் தலை டென்டுக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை 15 டிகிரிக்கும் இறங்கும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மேலே இரண்டு போர்வை போடுவதைவிட அடியில் ஃபோம் மேட் போடுவது மேல். வலையை மூடியபடியே விட்டு, ஜன்னல் துணியை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே சொட்டும். அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

இரவு எட்டுக்குள் ரசம் சோறு, முட்டை என்று எளிமையாக முடியுங்கள். பிரியாணியை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலை உணவு வேவுக்கு இரண்டரை மணி நேரம் முன்பு: வீட்டிலிருந்தே நல்லெண்ணெய், பொடி தடவி எடுத்துவந்த இட்லி மூன்று நான்கு, ஒரு வாழைப்பழம். பொடியில் காரம் குறைவாக இருக்கட்டும். சட்னி வேண்டாம், ராத்திரி தாங்காது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கலந்து ஆளுக்குப் பாதி. பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்காதீர்கள்.

"இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, விளையாட்டே இல்லை" என்று கீழே கருத்து வரும், தெரியும். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பெண்டத்லானில் குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடை ஓட்டம்தான் வருகிறது. அல்சூர் ஏரிக்கரையில் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் இருக்கும் ஊரில் சுவர் ஏறுவதை அந்நியமாகப் பார்க்க ஒன்றுமில்லை.

முடித்ததும் சேறு கழுவ 5 லிட்டர் கேன் இரண்டு, மாற்றுடை, கார் இருக்கைக்குப் பழைய பெட்ஷீட். ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிடுங்கள். டென்டை ஈரத்தோடு சுருட்டியிருந்தால் அன்று மாலையே பால்கனியில் விரித்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் பிறகு போகவே போகாது.