பின்வரிசையில் இருந்தவர் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலையொன்றில் 7 வருடங்களாகக் கணிதம் கற்பிக்கிறேன். நிரந்தர நியமனத்துக்கு முன் 4 வருடங்கள் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழ் படித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இப்போது வேறொரு நாட்டுக்குச் சர்வதேசத் தொண்டராகச் சென்று கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து வருகிறது. "இங்கேயே கணிதத்துக்கு ஆளில்லை, நீர் எங்கே போகப்போகிறீர்?" என்கிறார் அதிபர். நான் போவது சரியா? எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

"தொண்டர்" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் தொண்டர் ஆசிரியர் என்றால், சம்பளமின்றியோ பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகைக்கோ படிப்பித்தபடி நியமனத்துக்காகக் காத்திருப்பவர். நீங்கள் ஆகவிரும்பும் தொண்டரோ வாழ்க்கைச் செலவுக்கான படியும் காப்புறுதியும் பெற்று, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுபவர். (முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அதில் பிழை காண மாட்டேன்.) அவர் திரும்பிவிடுபவர் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 2008 செப்ரெம்பரில், போரின் நடுவே, சர்வதேச உதவி நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடிய சனம் நாங்கள்.

மீள்குடியேறிய பின்னர் எங்கள் பாடசாலைக்கு இரண்டு வெளிநாட்டவர் வெவ்வேறு காலங்களில் வந்தார்கள். ஒருவர் வர்ணம் தீட்டும் கொப்பிகளைக் கொண்டுவந்தார்; அவற்றில் பனிமனிதன் இருந்தான்; பிள்ளைகள் அவனை வெண்சாமி என்று அழைத்துத் திருநீறு பூசினார்கள். மற்றவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை. மூன்று நாட்கள் வாயே திறக்காமல் என் வகுப்பின் பின்வரிசையில் ஒரு சாக்கை விரித்துக் குந்தியிருந்தார். நான்காம் நாள் ஒரு தாளை நீட்டினார். பிள்ளைகள் இருந்த இடங்களைச் சிறு கட்டங்களாக வரைந்து, நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு கோடு போட்டிருந்தார். 43 பிள்ளைகளில் 11 பேருடைய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பெரும்பாலும் தறப்பாள் காற்றில் அடிக்கும் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகள். இருபது வருட அனுபவம் உள்ளவன் என்ற என் மிடுக்கு அந்தத் தாளோடு போயிற்று. மூன்றாவது கிழமையிலிருந்து கோடு போடும் வேலையை உப அதிபரிடம் ஒப்படைத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகும் நாங்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் போயிருந்து கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று தொண்டர்களை அனுப்பும் அமைப்புகள் தேடுவது அநேகமாக இந்த இரண்டாமவரைத்தான். பிரித்தானியாவின் வி.எஸ்.ஓ. (Voluntary Service Overseas) என்ற தொண்டர் அமைப்பு 1958இல் தொடங்கியபோது பள்ளிப்படிப்பை முடித்த இளையோரை அனுப்பியது; பின்னர் அனுபவமுள்ள ஆசிரியர்களையும் தாதியரையும் தேடியதோடு, கென்யாவிலும் பிலிப்பைன்ஸிலும்கூட ஆட்களைச் சேர்த்தது. 1970இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உருவாக்கிய தொண்டர் திட்டத்திலும் பல நாட்டவர் பணியாற்றுகிறார்கள். வீட்டிலிருந்தபடியே இணையவழியில் செய்யக்கூடிய பணிகளும் அதில் உண்டு. உதவி பெற்ற ஊரிலிருந்து புறப்படுவது உங்களுக்குக் குறையாகாது. தறப்பாளின் கீழ் மத்தியானத்தில் பின்னம் விளங்காது என்பதை உங்களுக்கு ஒருவரும் பயிற்சிப்பட்டறை வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிபரின் கேள்வி நியாயமானது. அதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். உங்கள் வலயத்தில் கணித ஆசிரியர் இல்லாத சிறிய பாடசாலையொன்றைத் தேடி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு, வாரத்தில் ஒரு பின்னேரம் அங்கே செல்லுங்கள். வகுப்பை நீங்கள் எடுக்க வேண்டாம். அங்கு கணிதத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கும் வேறு பாட ஆசிரியரின் பின்வரிசையில் இருங்கள். வெண்கட்டியைப் பறிக்கக் கை துடிக்கும். இரண்டு தவணை முடிந்து நீங்கள் போகாத வாரங்களிலும் அந்த வகுப்பு நடந்தால், விண்ணப்பத்தில் அதையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மற்றது விடுமுறை. அனுமதியின்றிச் சென்றால் சேவையை விட்டு நீங்கியவராகக் கருதிவிடுவார்கள். நாலு வருடம் காத்திருந்து பெற்ற நியமனம் அது. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.