நீட் தேர்வுக்கு எத்தனை புத்தகங்கள் தேவை?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். நீட் எழுத ஆசைப்படுகிறாள். கடையில் பாடத்துக்கு மூன்று கைடுகளை எடுத்துப் போட்டு எல்லாமே வேண்டும் என்கிறார்கள். அவ்வளவுக்கு எங்களிடம் வசதி இல்லை. எவற்றை வாங்கினால் போதும்?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதிகூடத் தேவையில்லை, அம்மா. முதலில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டுள்ள நீட் பாடத்திட்டத்தை அச்செடுத்து மகள் கையில் கொடுங்கள். 2024 தேர்வுக்கான பாடத்திட்டத்திலேயே பல பாடங்கள் நீக்கப்பட்டுவிட்டன. உயிரியலில் செரிமானம், வேதியியலில் ஹைட்ரஜன், பலபடிகள், திட நிலைமை போன்றவை இப்போது இல்லை. பள்ளித் தேர்வுக்கு இவற்றைப் படிக்கட்டும். நீட்டுக்கென்று நேரம் செலவிட வேண்டாம்.

அரசு இலவசமாகத் தரும் பாடநூல்கள்தான் அவளுக்கு அடித்தளம். புரிந்துகொள்வது தாய்மொழியில் நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்துடன் மத்திய அரசு நிறுவனமான என்சிஇஆர்டி வெளியிடும் பாடநூல்களும் வேண்டும். அவை தமிழில் இல்லை; ஆங்கிலப் பதிப்பை அதன் இணையதளத்திலிருந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அச்சு நூலாக வாங்குவதென்றால் உயிரியலை மட்டும் வாங்குங்கள். 180 வினாக்களில் 90 உயிரியல். அவற்றில் பெரும்பகுதி அந்த நூலின் வரிகளை ஒட்டியே வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: இதய ஆரிக்கிள்களுக்கு வரும் இரத்தம் அதிகரித்தால் ஏஎன்எஃப் என்ற ஹார்மோன் வெளிப்படும், அது இரத்தக் குழாய்களை விரியச் செய்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கழிவுநீக்கப் பாடத்தில் வருகிறது. 'விரிய' என்ற இடத்தில் 'சுருங்க' என்று மாற்றி, இந்தக் கூற்று சரியா என்று கேட்டால் போதும், மேலோட்டமாகப் படித்தவர் விழுந்துவிடுவார். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தமிழ் நூலில் பாடத்தைப் புரிந்துகொண்டு, அன்றைக்கே அதே பகுதியை ஆங்கிலத்தில் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்புக் குழப்பம் நேர்ந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்திருப்பது அவசியம்.

வேதியியலில் ஒரு நுட்பம் உண்டு. பி-தொகுதித் தனிமங்களில் 15 முதல் 18 வரையிலான தொகுதிகள் சுருக்கப்பட்ட புதிய என்சிஇஆர்டி நூலில் இல்லை. நீட் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. நம் பிளஸ் டூ வேதியியல் நூலில் அவை விரிவாகவே இருக்கின்றன. இதற்கென்று தனிக் கைடு வாங்கத் தேவையில்லை.

பணம் செலவிட வேண்டிய இடம் இயற்பியல். பாடநூலை மட்டும் படித்துக் கணக்கில் வேகம் வராது. 2025 தேர்வில் இயற்பியல் பல மாணவர்களைத் திணறடித்தது. நல்ல வினா வங்கி ஒன்று, ஒன்றே ஒன்று, வாங்குங்கள். கடையிலேயே விடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு கணக்குக்கும் செய்முறை இருக்கிறதா, வெறும் அ, ஆ, இ, ஈ மட்டும்தானா? விடை மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி பற்றிய செய்முறை வினாக்களும் இருக்க வேண்டும். அவை பாடத்திட்டத்தில் உள்ளவை. அதே பதிப்பகத்தின் வேதியியல் நூலில் பலபடிகள் இன்னமும் முழுப் பாடமாக இருந்தால், அது திருத்தப்படாத பழைய பதிப்பு; இயற்பியல் நூலும் அப்படியே இருக்கலாம்.

கடைசியாக, முந்தைய ஆண்டு வினாத்தாள்களின் தொகுப்பு ஒன்று. பிளஸ் டூ தொடங்கிய பிறகு வாங்கினால் போதும். 200 வினாக்களில் 180-ஐத் தேர்ந்தெடுக்கும் முறை 2025-இல் கைவிடப்பட்டது. இப்போது 180 வினாக்கள், 180 நிமிடங்கள், அனைத்தும் கட்டாயம். அதனால் பழைய தாள்களைப் பாடவாரியாகப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். நேரம் வைத்து எழுதிப் பார்க்க 2025 தாளின் அமைப்பில் உள்ள மாதிரித் தேர்வுகளே சரி. அவற்றை, விடைகளைக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளில், கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்பியே எழுதச் சொல்லுங்கள். ஓஎம்ஆர் தாளை நகலெடுக்க ஆகும் செலவு சில ரூபாய்தான்.