சொந்த வெளியீடு என்றால் என்ன? எழுதியவரே ஏன் வெளியீட்டு விழாவும் நடத்துகிறார்?

பதிப்பகம் பணம் போடாமல், எழுதியவரே அச்சுச் செலவை ஏற்று நாவலையோ வாழ்க்கைக் குறிப்பையோ கொண்டுவருவதுதான் சொந்த வெளியீடு.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊரில் தமிழ்ப் புத்தகக் கடையை நம்பி விற்க முடியாது. அச்சகத்தில் தகடு எடுத்து இயந்திரத்தைத் தயார்செய்யும் செலவு 300 பிரதிக்கும் 3,000 பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் குறைவாக அடித்தால் ஒரு புத்தகத்தின் அடக்கவிலை எகிறிவிடும். அந்தப் பணத்தை மீட்கக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு வெளியீட்டு நாள்தான்.

கல்யாண மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் விலை 30 வெள்ளி (ரிங்கிட்) என்றாலும் 50, 100 என்று உறையில் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நாளை அவர்கள் வீட்டுப் பிள்ளை எழுதினால் இந்த எழுத்தாளரும் போய் நிற்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாழ்க்கையை, விடியலில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன அம்மாவை எழுதிய புத்தகம் என்றால் அந்த உறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கலாம், அதை எழுதி வைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

அப்புறம், ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். அச்சானதும் சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்கவும் வேண்டும்.

அந்த எண் வந்தால்தான் காப்புரிமை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, காப்புரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்தபோதே உங்களுக்கு வந்துவிட்டது.