போனில் எடுக்கும் தெரு, கட்டடப் படங்களை ஓரம் வெட்டியே (கிராப் செய்தே) நன்றாக்க முடியுமா, நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

கேமரா அப்புறம் வாங்கலாம். நான் யாங்கோனில் இருக்கிறேன் (வீட்டில் இன்னமும் ரங்கூன்தான்). இங்கே பழைய நகரத்துத் தெருக்கள் ஒடுக்கமானவை. கட்டடம் முழுசாக விழட்டும் என்று பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடிக்கும். போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் மல்லாந்து சாயும். என் படங்களில் பாதி, வெட்டிய பிறகுதான் உருப்பட்டவை.

முதலில் சாய்வை நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். நிமிர்த்தும்போதே ஓரங்கள் பறிபோகும். 1911இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றத்தின் மணிக்கூண்டை ஃப்ரேமின் உச்சியில் முட்டும்படி எடுத்திருந்தேன்; நிமிர்த்தினால் கூண்டின் தலையே காணோம்! இப்போது நாலு பக்கமும் காலி விட்டு எடுக்கிறேன்.

எதை வெட்டுவது என்பதில்தான் சூடுபட்டேன். அனவ்ரதா சாலையில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்தை எதிர்ப்பக்கம் நின்று எடுத்து, பர்மிய எழுத்துப் பலகை, பழக்காரம்மாவின் குடை, மின்கம்பி எல்லாவற்றையும் வெட்டி, சென்னை வியாசர்பாடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். 1964இல் இங்கிருந்து கப்பலேறிப் போனவர். "கோபுரம் நல்லாத்தான் இருக்கு. இது எங்க தெருமுனைக் கோயில்னு சொன்னாலும் நம்புவேன். ரங்கூன் எங்கடா?" என்றார்.

மூலப் படத்தைத் திரும்பத் திறந்தேன். மேலே வெறும் வானம், கீழே வெறும் தார்ரோடு. இரண்டையும் வெட்டினேன், வானத்தோடு கம்பியும் பாதி போயிற்று. பலகையையும் குடையையும் தொடவில்லை.

சதுரமாகவே வெட்டும் பழக்கமும் வேண்டாம். இங்கே மாடிகளிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். பேப்பர்காரர் அதில் பேப்பரை மாட்டிவிடுவார். அதற்கு நெட்டையாக, ஒல்லியாக வெட்டினால்தான் சரி. கிளிப் வெட்டுப்பட்டால் அது வெறும் கயிறு.

படம் மங்குமோ என்று பயம் வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000×3000 புள்ளிகள். நீளத்திலும் அகலத்திலும் பாதி போனாலும் 2000×1500 மிஞ்சும். 6×4 அங்குலப் பிரிண்டுக்கு 1800×1200 போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் வெட்டாதீர்கள், அது ஏற்கெனவே சுருங்கியது.

இரண்டாவது படத்தைப் பார்த்த பெரியம்மா கோபுரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குடைக்கடியில் இருப்பது மங்குஸ்தானா என்று கேட்டார்.