காய்ச்சலோடு வரும் ரத்தக்குழாய் வீக்கம்: 4 செ.மீ.தானே என்று இருந்துவிடலாமா?

"அப்பச்சிக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. மூன்று வாரமாகக் காய்ச்சல், முதுகுவலி. வைடால் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். விட்டுவிட்டுத் திரும்ப வருகிறது. ஸ்கேனில் வயிற்றுப் பெருந்தமனியில் 4 செ.மீ. வீக்கம், கிருமித்தொற்றாக இருக்கலாம் என்கிறார்கள். 5.5 செ.மீ. ஆனால்தான் ஆபரேஷன் என்று படித்தேன். மருந்திலேயே சரியாகுமா?" – வாசகர், தேவகோட்டை

அந்த 5.5 கணக்கு உங்கள் அப்பச்சிக்குப் பொருந்தாது. புகையாலும் வயதாலும் வருடக்கணக்கில் மெல்லப் பெருக்கும் வீக்கத்துக்கு, அதுவும் ஆண்களுக்குச் சொன்ன அளவு அது. கிருமி புகுந்தால் குழாயின் சுவரே அரித்துப்போகும்; சில நாளிலேயே பெருக்கலாம், சின்ன அளவிலும் வெடிக்கலாம். ரத்தக்குழாய் அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு, மதுரையோ திருச்சியோ, இன்றே கிளம்புங்கள். முதுகு வலிக்கிறதே என்று தைலம் போட்டு அமுக்கிவிட வேண்டாம்.

அங்கே முதல் வேலை ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. அடுத்த ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன் வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு மூன்று செட் எடுப்பார்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருப்பதால் கிருமி வளராமலும் போகலாம். அதனால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. வைடாலை மட்டும் நம்பி இவ்வளவு நாள் போனதுதான் எனக்கு வருத்தம். பழைய தொற்றின் அடையாளம் ரத்தத்தில் இருந்தாலே அது பாசிட்டிவ் காட்டும்.

சால்மோனெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் இரண்டும்தான் அடிக்கடி பார்க்கும் கிருமிகள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மீலியாய்டோசிஸ். இந்த நோயைத் தருவது வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி, சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். லேபில் இதை வேறு கிருமி என்று தவறாகச் சொல்லிவிடுவதும் உண்டு. அப்பச்சி வயலிலோ கண்மாயிலோ இறங்கியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை.

சாயம் ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் இந்த வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பை போலப் பிதுங்கி, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். சுற்றியுள்ள கொழுப்பு கலங்கலாகத் தெரியும், சிலருக்குக் காற்றுக் குமிழும் தெரியும். சாயம் ஏற்றுவதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'மைக்காட்டிக்' என்றிருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். 1885-இல் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் காளான் மாதிரித் தெரிந்ததை வைத்து இட்ட பெயர். காரணம் பெரும்பாலும் பாக்டீரியாதான்.

சரி, மருந்து மட்டும் போதுமா? பெரும்பாலும் போதாது. நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் 4 முதல் 6 வாரம், அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. சிலருக்கு ஆயுள் முழுக்க. அதோடு, கெட்டுப்போன பகுதியை வெட்டிச் சுத்தம் செய்து புதுக்குழாய் வைப்பார்கள், இல்லாவிட்டால் அக்குளிலிருந்து தொடைக்கு மாற்றுப்பாதை போடுவார்கள். திறந்து செய்யும் ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றால் தொடை வழியாக ஸ்டென்ட் (குழாய்க்குள்ளேயே வைக்கும் உறை) வைப்பார்கள். அதில் கெட்ட திசு உள்ளேயே இருக்கும் என்பதால், மருந்தை எத்தனை மாதம் தொடர்வது என்று அவர்களிடம் தெளிவாகக் கேளுங்கள்.

திடீரென வலி கூடினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ உடனே 108. முதல் ஸ்கேனின் படங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். வீக்கம் எத்தனை நாளில் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்க்க அதுதான் வேண்டும்.